சிவப்பு அட்டைச் செடிகள்

மக்காச்சோளத் தட்டை ஒடியும்போது ஒரு சத்தம் வரும். சுள்ளி மாதிரி படக்குன்னு முடிஞ்சிடாது. ஈரமா, நார் நாரா, உசிரோட எதையோ பிச்சு எடுக்கிற மாதிரி இழுத்துக்கிட்டு வரும். அந்த விதைக் கம்பெனியில வேலை பாத்தவங்களுக்கெல்லாம் கதிர் முத்துற சமயத்துல காது நிறைய அந்தச் சத்தம்தான். சாப்பிடும்போதும் கேட்கும், படுத்தாலும் கேட்கும்.

காத்தடிச்சா சாயாத சோளம் வேணும், அதுக்குத்தான் இந்தக் கொலை. செடியோட இடுப்புல ஒரு கொக்கியை மாட்டணும். கொக்கியில தொங்கற ஸ்பிரிங் தராசைப் பிடிச்சு, செடி ஒடியற வரைக்கும் இழுக்கணும். ஒடியும்போது முள்ளு எத்தனை கிலோவில நின்னுச்சோ அதுதான் அந்தச் செடியோட பலம். ஒவ்வொரு பாத்தியிலயும் பாதிச் செடியை இப்படி ஒடிப்பாங்க. மீதிப் பாதியை விதைக்குன்னு விட்டு வைப்பாங்க. ஒரு தாய்ச்செடியோட விதையில வந்தது ஒரு குடும்பம்; பண்ணையில வளத்த குடும்பத்துக்குச் சிவப்பு அட்டை, வெளியில வாங்கினதுக்கு வெள்ளை அட்டை கட்டியிருக்கும்.

இழுக்கிறதுக்கு ரெண்டே ஆளு. ஒருத்தனுக்கு சூறாவளின்னு பேரு, இன்னொருத்தனுக்கு ஆமைன்னு பேரு. பெத்தவங்க வச்ச பேரு ரெண்டு பேருக்குமே மறந்து போயிருக்கும்.

இவங்க ஒடிச்சதையெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து கூட்டிக் கழிக்கிறவ சூறாவளியோட பொண்டாட்டி. அவளுக்குக் கணக்குன்னு பேரு. "கணக்கு வந்தாச்சா, கணக்கு சாப்பிட்டாச்சா"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அவளுக்கு இடது கை ரெண்டு தடவை ஒடிஞ்சு, மணிக்கட்டுக்கு மேல கோணலா சேந்திருக்கும். யாராவது பாத்து உச்சு கொட்டினா ஒரே பதில்தான் வச்சிருந்தா. "எங்க வம்சத்துக்கே எலும்பு பலம் கிடையாதுங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான்."

அம்மாவுக்கு ஒடிஞ்சது ஒரே ஒரு தடவை. சோப்பை மிதிச்சு வழுக்கி விழுந்தாங்க. மத்ததெல்லாம் இவ ஒட்டுப் போட்டுத் தச்ச பொய். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கூசுச்சு. பத்தாவது தடவை சொல்லும்போது அவளே நம்பிட்டா.

அன்னிக்குக் காலையில டாக்டர் அவ மேஜைக்கு வந்து நின்னாரு. டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்ல, சோளத்துக்கு டாக்டர். அந்தப் பண்ணைக்கே பெரியவரு.

"கணக்கு, நீ அனுப்பின எண்ணைப் பாத்தேன். எண்பத்தெட்டு. ஆட்டம் மூணுதானா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான கணக்கைப் பாத்ததில்லம்மா."

ஒரு செடி பலமா நிக்குதுன்னா அது பிறப்புல வந்ததா, வளர்ப்புல வந்ததா? விதையில இருந்து வந்துச்சா, இல்ல நல்ல மண்ணுல நின்னு தண்ணி குடிச்சதால வந்துச்சா? நூத்துல எத்தனை பங்கு பிறப்புன்னு சொல்ற எண்ணுக்குத்தான் ஹெரிட்டபிலிட்டின்னு பேரு. அந்த எண்ணை மட்டும் சொன்னா பத்தாது. மேலயும் கீழயும் எவ்வளவு ஆடும்னும் சேத்துச் சொல்லணும். அறுபதுன்னு வந்து இருபது ஆடுச்சுன்னா நாப்பதாவும் இருக்கலாம், எண்பதாவும் இருக்கலாம். வருஷா வருஷம் அவளுக்கு வர்றது குடிகாரன் நடை மாதிரி தள்ளாடுற எண்ணுதான். இந்த வருஷம் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பா நின்னுச்சு.

"ஆனா என் தலையில கல்லைப் போட்டுட்டே," டாக்டர் சிரிக்கப் பாத்தாரு. முடியல. "சிவப்பு அட்டை இருபது குடும்பமும் நான் வளத்ததும்மா. ஒண்ணு தேறலையே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு இத்தனை வருஷம் இருந்துட்டேன். பிறவியிலயே பலம் இல்லாததை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நாளைக்குக் காலையில டிராக்டரை விட்டு உழுதிடலாம். வெள்ளை அட்டை மட்டும் போதும்."

"ஸ்டோர்ல சிவப்புக்கு விதை இருக்கா சார்?"

"எங்க இருக்கு? வயல்ல நிக்கிறதுதான் கடைசி."

அவரு போன பிறகு அவ திரையையே பாத்துக்கிட்டு இருந்தா. சிவப்பு அட்டைக் குடும்பம் எல்லாம் பன்னெண்டு, பதிமூணு, பதினாலு கிலோ. வெள்ளை எல்லாம் இருபத்திரெண்டு, இருபத்திமூணு. நடுவுல ஒண்ணு கூட இல்ல. இருபது பிள்ளை பெத்தவளுக்கு ஒண்ணாவது மாமன் ஜாடையில பிறக்காதா? வயல்ல ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம். பாத்தியெல்லாம் அங்கயும் இங்கயும் கலைச்சுப் போட்டுத்தான் விதைச்சது. பள்ளத்துல நின்ன சிவப்பும் பதிமூணு, மேட்டுல நின்ன சிவப்பும் பதிமூணுன்னா எப்படி?

டீ குடிக்கிற நேரத்துல ஆமையை ஓரமா கூப்பிட்டா.

"ஏம்ப்பா, இந்த வருஷம் எப்படிப் பிரிச்சுக்கிட்டீங்க? வயல்ல கிழக்குப் பாதி நீ, மேற்குப் பாதி அவருன்னுதானே டாக்டர் சொல்லி விட்டாரு?"

"அதை ஏன்க்கா கேக்கறீங்க." ஆமை டீயை ஊதினான். அவன் டீயை ஊதுற வேகத்துக்கு அது தானாவே ஆறிடும். "அண்ணன் முதல் நாளே திட்டிட்டாரு. 'உன் கூட ஜோடி போட்டு நடந்தா அறுவடையே முடிஞ்சிடும்டா, நீ வெள்ளை அட்டையை இழு, நான் சிவப்பை இழுக்கிறேன், அவனவன் வேகத்துல முடிச்சுட்டுப் போவோம்'னாரு. ஒரே வயல்தானே, எல்லாச் செடியையும்தான் இழுத்தோம்? தப்பாக்கா?"

"எல்லாப் பாத்தியிலயுமா? சிவப்பு முழுக்க அவரு?"

"முழுக்க. என் கைக்கு ஒரு சிவப்பு வரல."

அவ டீயை அப்படியே வச்சுட்டு வயலுக்கு நடந்தா.

ஒடிஞ்ச செடியெல்லாம் ஒடிஞ்ச இடத்துலயே கிடந்துச்சு. முதல்ல ஒரு வெள்ளை அட்டைப் பாத்தி. தட்டை எல்லாம் ஒரே பக்கமா மடங்கி, முழங்காலிட்ட மாதிரி கிடந்துச்சு. அடுத்தது சிவப்பு. குனிஞ்சு ஒண்ணைக் கையில எடுத்தா. ஒடிஞ்ச இடத்துல நாரெல்லாம் சுத்திக்கிட்டு இருந்துச்சு, பிழிஞ்ச துணி மாதிரி. இன்னொண்ணை எடுத்தா. அதுவும் அப்படியே. இன்னொரு பாத்திக்கு ஓடினா. அங்கயும்.

இழுத்து ஒடிக்கல. வெடுக்குன்னு ஒரு இழுப்பு, முள்ளு ஏறுறதுக்கு முன்னாடியே மணிக்கட்டால ஒரு திருகு.

அந்தத் திருகு அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை கதவுக்குப் பின்னாடி. ரெண்டாவது தடவை, தட்டுல உப்பு கம்மின்னு. அவன் கையை ஓங்கி அடிக்கிற ஆள் இல்ல. பிடிப்பான், வெடுக்குன்னு இழுப்பான், திருகுவான். கையில இருந்து அதே சத்தம்தான் வந்துச்சு, ஈரமா, நார் நாரா.

அவளுக்கு அப்புறம்தான் அது ஞாபகம் வந்துச்சு. வந்ததும் வயல் நடுவுல அப்படியே உக்காந்துட்டா.

போன மாசம் மகளுக்குக் கை ஒடிஞ்சுச்சு. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற குழந்தை. இவ ஆபீஸ்ல இருந்தா. அவன்தான் போன் பண்ணான், கட்டில்ல இருந்து விழுந்துடுச்சுன்னு. குழந்தையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி "கட்டில்ல இருந்து விழுந்தேன்"னு சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, "விழுந்தா குறுக்கால ஒடியும். இது ஏன் சுத்திக்கிட்டு ஒடிஞ்சிருக்கு?"ன்னு கேட்டாரு. கேட்ட மாத்திரத்துல அவ வாயில இருந்து வந்துடுச்சு. யாரும் அடிக்கல, மிரட்டல, பழக்கத்துல வந்துடுச்சு. "எங்க வம்சத்துக்கே எலும்பு பலம் கிடையாது டாக்டர்."

பக்கத்துல நின்ன நாத்தனாரும் ஆமா போட்டா. "ஆமாங்க, நூலைப் போல சேலை. இவளுக்கும் இப்படித்தான் ஒடியும்."

எலும்பு டாக்டர் அதை எழுதிக்கிட்டாரு.

மகளைப் பெத்தவளுக்கும் பலம் இல்ல, மகளுக்கும் பலம் இல்ல, அப்போ பிறவிக் கோளாறுதான். எவ்வளவு சுத்தமான கணக்கு! ரெண்டு பேரும் ஒரே கைக்குள்ள வளந்தாங்கங்கிறதை மட்டும் யாரும் எழுதல.

அந்தச் சிவப்புச் செடியைக் கையில பிடிச்சுக்கிட்டு அவ வாந்தி எடுத்தா.

வீட்டுக்குப் போனப்போ அவன் குளிச்சுட்டு, தலை துவட்டிக்கிட்டு இருந்தான். மகள் தரையில உக்காந்து மாவுக்கட்டு மேல கலர் பென்சிலால படம் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"மத்தியானம் வயலுக்குப் போனியாமே?"

"ஆமாங்க. ஒரு எண்ணு சரியா வரல."

"ஆமைகிட்ட என்ன குசுகுசுன்னு பேச்சு?"

"கணக்கு விஷயமா..."

"கணக்கு." அவன் சிரிச்சான். சிரிச்சா நல்லா இருப்பான், அதுதான் கொடுமை. "ஏன்டி, நான் வெயில்ல செத்துச் சுண்ணாம்பா இழுத்துக்கிட்டு வர்றதை நீ ஃபேன் அடியில உக்காந்து சரியில்லங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"சொன்னே."

கொக்கியில இருந்த வாணலி பறந்து வந்துச்சு. குனிஞ்சதால சுவத்துல பட்டு உருண்டுச்சு. அடுத்த நிமிஷம் அவ தலைமுடி அவன் கையில. நெத்தி சுவத்துல ஒரு தடவை மோதுச்சு, ரெண்டாவது தடவை மோதுச்சு. கண்ணுக்குள்ள பூச்சி பறந்துச்சு. அவ கத்தல. கத்தினா அவனுக்கு இன்னும் ஏறும்னு எப்பவோ கத்துக்கிட்டா. மகள் என்ன பண்ணுதுன்னு மட்டும் ஓரக்கண்ணால பாத்தா. குழந்தை மாவுக்கட்டை வயித்தோட அணைச்சுக்கிட்டு, கட்டிலுக்கு அடியில நகந்து போய்க்கிட்டு இருந்துச்சு. சத்தமே போடாம, பழகின பூனை மாதிரி.

கட்டில்ல இருந்து விழல. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச பிள்ளையைக் கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். கொக்கி மாட்டின மாதிரி.

"நாளைக்கு டிராக்டர் வருது," அவன் முடியை விட்டுட்டு மூச்சு வாங்கினான். "உழுதா எல்லாம் முடிஞ்சுது. வாயைத் திறந்தே, அப்புறம் இருக்கு. உனக்கு மட்டும் இல்ல."

கடைசி மூணு வார்த்தையைச் சொல்லும்போது கட்டிலைப் பாத்தான்.

காலையில மகளை நாத்தனார் வீட்டுல விட்டுட்டு, முந்தானையை இழுத்து நெத்தி வீக்கத்தை மறைச்சுக்கிட்டு வயலுக்கு வந்தா. நாத்தனார் வீட்டுலயே தையல் வேலை பாக்கிறவ, பிள்ளையைப் பாத்துக்க அவளை விட்டா ஆள் கிடையாது. டிராக்டர் புகை கக்கிக்கிட்டு நின்னுச்சு. டிரைவர் மேல உக்காந்திருந்தான். டாக்டர் கைகட்டி நின்னாரு, சொந்தக்காரன் சாவுக்கு வந்த மாதிரி. சூறாவளி தராசைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பல்லு குத்திக்கிட்டு இருந்தான்.

வாயைத் திறந்தா அடி நிச்சயம். திறக்கலைன்னா? சிவப்பு அட்டைக்கு இன்னிக்கு டிராக்டர். மகளுக்கு என்னிக்கோ. இனி எத்தனை தடவை ஒடிஞ்சாலும் காரணம் ஏற்கனவே எழுதி வச்சாச்சே. எழுத வச்சது அவதானே.

"சார், ஒரு நிமிஷம். உழுறதுக்கு முன்னாடி கை மாத்திப் பாக்கணும்."

"என்னம்மா?"

"சிவப்பு மொத்தத்தையும் ஒரே ஆள் இழுத்திருக்காங்க. வெள்ளை மொத்தத்தையும் இன்னொரு ஆள். நான் கணக்குப் போட்டது செடியோட பலமா, இழுத்த கையோட வித்தியாசமான்னு தெரியல சார். அதான் எண்ணு அவ்வளவு சுத்தமா வந்திருக்கு. மீதி நிக்கிற செடியில நாலு நாலு போதும். சிவப்பை ஆமை இழுக்கட்டும், வெள்ளையை..." புருஷனைப் பாக்காமலே சொன்னா. "அவரு இழுக்கட்டும்."

"என் கை மேல சந்தேகமாடி?" பல்லுக்குச்சியைத் துப்பினான்.

"கை மேல இல்லப்பா, கணக்கு மேல," டாக்டர் அவசரமா சொன்னாரு. அவரு முகத்துல ஒரு ஆசை வந்துடுச்சு, மறைக்க முடியல. "நாலு செடிதானே. இழுங்க."

ஆமை சிவப்புப் பாத்தியில இறங்கி, கொக்கியை மாட்டி, காலை ஊன்றி இழுத்தான். அவன் இழுக்கிறதைப் பாத்தா தூக்கம் வரும். பத்து, பதினாலு, பதினெட்டு... முள்ளு ஏறிக்கிட்டே போச்சு. செடி வில்லு மாதிரி வளைஞ்சுச்சு. இருபத்தியாறுல ஒடிஞ்சுச்சு.

டாக்டர் கிட்ட வந்து முள்ளைக் குனிஞ்சு பாத்தாரு.

அடுத்தது இருபத்தினாலு. அடுத்தது பத்தொம்பது. நாலாவது இருபத்தியேழு.

"டேய் ஆமை, பொண்ணு பாக்கப் போன மாதிரி செடிகிட்ட என்னடா கெஞ்சிக்கிட்டு நிக்கிறே?" டிராக்டர் டிரைவர் மேல இருந்து சிரிச்சான். வேற யாரும் சிரிக்கல.

சூறாவளி வெள்ளைப் பாத்தியில இறங்கினான். மெதுவா இழுக்கத்தான் பாத்தான், அதை அவ கவனிச்சா. ஆனா கை கேட்கல. வெடுக், திருகு. பதிமூணு. மறுபடி மாட்டினான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தான். பன்னெண்டு. கம்பெனி காசு போட்டு வாங்கின ஒசத்தி வெள்ளை, அவன் கையில சிவப்பை விடக் கேவலமா ஒடிஞ்சுச்சு. நாரெல்லாம் சுத்திக்கிட்டுத் தொங்குச்சு.

"இரு, இரு," டாக்டர் குனிஞ்சு அந்த நாரைத் தொட்டாரு. "இதென்னப்பா, கோழிக் கழுத்தைத் திருகின மாதிரி? இப்படித்தான் சிவப்பு பூரா இழுத்தியா?"

அவன் தராசைத் தோள்ல மாட்டினான். அடுத்த செடியைக் கொக்கியில்லாம வெறுங்கையால பிடிச்சுத் திருகினான். அடுத்தது. அடுத்தது. வரிசையா ஒடிச்சுக்கிட்டே போனான். கதிரு, இலை, அட்டை எல்லாம் பறந்துச்சு. "பலமாம்! பலம்! எதுடா பலம்?"னு கத்தினான். உள்ளங்கை கிழிஞ்சு தட்டையில ரத்தம் பூசிக்கிச்சு. பாத்தி முடிஞ்சதும் திரும்பினான்.

அவ ஓடியிருக்கலாம். அங்கயே நின்னா.

தராசைச் சுழட்டி அடிச்சான். கொக்கி புருவத்துக்கு மேல பட்டு, தோலைப் பிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒரு கண்ணு முழுக்க சிவப்பாச்சு. கீழ விழுந்தவளோட கோணக் கையைப் பிடிச்சான், அதே இடத்துல. வெடுக்குன்னு இழுத்தான்.

"இது பிறவியிலயே பலம் இல்லாத கைதானேடி? நீதானே ஊரெல்லாம் சொன்னே?"

திருகினான். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. தட்டை ஒடியற சத்தம்னு யாரும் நினைக்கல, ஏன்னா அப்போ யாரும் செடியைத் தொடல.

இந்தத் தடவை அவ கத்தினா. இத்தனை வருஷத்துக் கத்தலும் சேந்து வந்துச்சு.

ஆமை வந்தான். அப்பக்கூட ஓடல. நடந்து வந்து, பின்னாலேர்ந்து சூறாவளியோட இடுப்பைக் கட்டிப் பிடிச்சு, செடியை இழுக்கிற மாதிரியே இழுத்தான். மெதுவா, விடாம. சூறாவளி முழங்கையால அவன் மூஞ்சியில இடிச்சான். பல்லு ஒண்ணு தெறிச்சுச்சு. ஆமை விடல. சூறாவளி அவன் கையைக் கடிச்சான். விடல. டிரைவர் குதிச்சு வந்து, ஜாக்கிக் கம்பியால சூறாவளியோட தோள்ல ஒரே போடு போட்டான். அப்புறம்தான் அவ கை விடுபட்டுச்சு.

சூறாவளி ஆமையை உதறிட்டுத் தள்ளாடி எழுந்து, சுத்தி நின்னவங்களைப் பாத்தான். முதல் தடவையா நாலு பேரு முன்னாடி மாட்டிக்கிட்டான். அவளைப் பாத்து, "மகளை நான் பாத்துக்கிறேன்"னு மட்டும் சொல்லிட்டு பைக்கை நோக்கி ஓடினான்.

"குழந்தை!" அவ எழுந்துட்டா. கை துணி மாதிரி தொங்குச்சு. "சார், ஜீப்பை எடுங்க! குழந்தை அவங்க அக்கா வீட்டுல இருக்கு!"

டாக்டர் ஓட்டினாரு. ஆமை பின்னாடி உக்காந்து ரத்தத்தைத் துப்பிக்கிட்டே வந்தான். வழி பூரா அவ ஒரே ஒரு கணக்குதான் போட்டா. பைக்குக்கும் ஜீப்புக்கும் எவ்வளவு வித்தியாசம், ஒரு சின்ன எலும்பு ஒடிய எவ்வளவு நேரம்.

நாத்தனார் வீட்டு வாசல்ல பைக் சாஞ்சு கிடந்துச்சு, எஞ்சின் கூட அணைக்கல. உள்ள அலறல்.

தையல் மெஷின் கவுந்திருந்துச்சு. நூல்கண்டு எல்லாம் தரையில உருண்டு கிடந்துச்சு. அவன் குழந்தையோட மாவுக்கட்டுக் கையைப் பிடிச்சு மேஜைக்கு அடியில இருந்து இழுத்துக்கிட்டு இருந்தான். கட்டு விரிசல் விட்டுடுச்சு. நாத்தனார் அவன் முதுகுல குத்தினா, சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "தம்பி, விடுடா! பச்சப் பிள்ளைடா! விடுடா பாவி!"

"நீ ஒதுங்குக்கா!" பின்னங்காலால உதைச்சான். அவ சுவத்துல போய் மோதினா.

மோதின இடத்துலதான் இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு. சூடா. அவ அதை எடுத்தா. யோசிச்ச மாதிரியே தெரியல. நேரா வந்து, குழந்தையைப் பிடிச்சிருந்த தம்பியோட கை மேல அழுத்தினா.

அவன் போட்ட சத்தத்துல தெருநாய் எல்லாம் குரைச்சுச்சு. தோல் கருகுற வாடை வீடு முழுக்க. கை திறந்துச்சு. ஆமை பாய்ஞ்சு, ஆமா, அன்னிக்கு அவன் பாய்ஞ்சான், சூறாவளியைக் குப்புறத் தள்ளி மேல உக்காந்துட்டான். டாக்டர் போலீசுக்குப் போன் பண்ணாரு. அவசரத்துல ரெண்டு தடவை தப்பா அழுத்தினாரு.

குழந்தை அம்மாகிட்ட வந்துச்சு. அழல. அம்மாவோட தொங்குற கையைப் பாத்துச்சு, தன் கட்டைப் பாத்துச்சு.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சபடியே தரையில உக்காந்தா. மார்ல அடிச்சுக்கிட்டா. "எங்கப்பன் கைடி அது. அப்படியே எங்கப்பன் கை. ரத்தத்துல வந்துச்சு, அவன் என்ன பண்ணுவான்? புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?"

"அண்ணி," அவ முகத்துல ரத்தம் காஞ்சு இழுத்துச்சு, பேசவே முடியல. ஆனா பேசினா. "அதே அப்பனுக்குப் பிறந்த கைதான் இப்போ என் பிள்ளையைக் காப்பாத்துச்சு. ரத்தம் கித்தம்னு பேசாதீங்க. அது கணக்கு இல்ல, சாக்கு. நானும் அதைத்தான் இத்தனை நாள் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நாத்தனார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டா. அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சா.

ஆஸ்பத்திரியில அதே எலும்பு டாக்டர். ரெண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினாரு. அம்மாவோட எலும்புலயும் மகளோட எலும்புலயும் ஒரே மாதிரி சுத்திக்கிட்டுப் போற கோடு. பழைய சீட்டைப் புரட்டினாரு. "உங்க குடும்பத்துலயே எலும்பு பலவீனம்னு..."

"அதை அடிச்சிடுங்க டாக்டர்."

"எதை?"

"அது நான் சொன்ன பொய். எங்கம்மா சோப்பு வழுக்கி விழுந்தாங்க, ஒரே தடவை. எனக்கு மூணு தடவையும் என் புருஷன் திருகினான். இவளுக்கும் அவன்தான். போலீஸ் வெளிய நிக்கிறாங்க, அவங்ககிட்டயும் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க இதை அடிச்சுட்டு, நான் சொல்றதை எழுதுங்க."

அவரு பேனாவை எடுத்து, அந்த வரியைக் குறுக்கால அடிச்சாரு.

வெளிய பெஞ்சுல டாக்டர், சோளத்து டாக்டர், உக்காந்திருந்தாரு. டிராக்டரைத் திருப்பி அனுப்பிட்டதா சொன்னாரு. மீதிச் செடி எல்லாத்தையும் ஆமையே இழுக்கட்டும்னும் சொன்னாரு, வாயில தையல் பிரிச்ச பிறகு.

"எண்ணு இவ்வளவு சுத்தமா வராது சார்," அவ சொன்னா. "கண்டபடி ஆடும். பாதிக்குப் பாதி கூட நிச்சயமா சொல்ல முடியாது."

"ஆடட்டும்மா. நேர்மையா ஆடட்டும்."

புதுக் கட்டு ஈரமா, கனமா இருந்துச்சு. மகள் பக்கத்துல ஏறி உக்காந்து, தன்னோட புதுக் கட்டை அம்மாவோட கட்டு மேல வச்சுப் பாத்துச்சு. டக்குன்னு சத்தம் வந்துச்சு. இன்னொரு தடவை தட்டுச்சு.

"அம்மா. அப்போ என் எலும்பு நல்ல எலும்பா?"

"நல்ல எலும்புடி."

"நிச்சயமா?"

அவ பதில் சொல்ல வாயெடுத்தா. நிச்சயம்ங்கிற வார்த்தையை அவ சும்மா சொல்ற ஆளு இல்ல, தொழில் அப்படி. குழந்தை முகத்தைப் பாத்தா. புருவத்துத் தையல் விண்ணுன்னு இழுத்துச்சு.

"நிச்சயமா"ன்னு சொன்னா.